பெலெசிட் முதல் மின்மினி வரை: கோலசிலாங்கூர் வட்டாரத்தின் அற்புதப் பூச்சிகள்

பெலெசிட் என்பது மலாய் நாட்டுப்புற நம்பிக்கையில் வாழும் ஒரு பூச்சி. சிலர் அதை வெட்டுக்கிளி என்பார்கள், சிலர் சுவர்க்கோழி என்பார்கள். பார்வைக்கு மற்றப் பூச்சிகளிலிருந்து வேறுபாடு இல்லை. ஆனால் அதற்கு ஓர் எசமான் உண்டு, பெரும்பாலும் எசமானி. அவள் ஏவிய வீட்டுக்குப் போகும், ஏவப்பட்டவரின் வாய்வழியே வால்பக்கமாக நுழையும், உள்ளே இருந்துகொண்டு கிரீச்சிடும். போலோங் என்ற இன்னொரு குட்டிப்பேய் அதன் பின்னால் வரும். பெலெசிட் வழிகாட்டி, போலோங்தான் ஆளைப் பிடிப்பது. பிடிபட்டவர் காய்ச்சலில் பிதற்றுவார், தம்மைப் பூனைகள் சூழ்ந்திருப்பதாக அலறுவார். மந்திரவாதியான போமோ வந்து, உள்ளே இருப்பதன் தாய் யார், ஊர் எது என்று விசாரிப்பார்.

சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த வால்டர் ஸ்கீட், 1900இல் வெளியான தமது மலாய் மந்திரம் பற்றிய நூலில் இந்த நம்பிக்கையை விரிவாகப் பதிந்தார். அந்த நூலுக்கான செய்திகளில் பெரும்பங்கை அவர் சிலாங்கூரின் கடலோர மாவட்டங்களில் திரட்டினார். பெலெசிட்டை உண்டாக்கும் முறைகளும் அதில் உள்ளன. ஒன்று, பௌர்ணமியை ஒட்டிய இரவில் தனியே காட்டுக்குப் போய், நிலவுக்கு முதுகு காட்டி, தன் நிழல் கறையான் புற்றின் மேல் விழும்படி நின்று மந்திரம் சொல்லி அந்த நிழலைத் தழுவ முயல்வது. மற்றொன்று இறந்த தலைப்பிள்ளையின் நாக்கைக் கொண்டு செய்வது. அதன் விவரம் கேட்கக் கொடியது. உண்டான பிறகு அதைத் தீனி கொடுத்து வளர்க்க வேண்டும். வளர்ப்பவளின் விரல் நுனி இரத்தமும் அந்தத் தீனியில் சேரும்.

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் எழும்பியபோது, இப்படியொரு பூச்சி உலவும் நிலத்தில்தான் தமிழர் வந்து லயங்களில் குடியேறினர். ஆற்றோரக் கம்பங்களில் மலாய்க்காரர், நெல்வயல் பக்கம் ஜாவாக்காரரும் சீனரும், கித்தாக்காட்டில் தமிழர் என்று வாழ்ந்த இடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பூச்சிகளோடு வாழ்ந்தார்கள். அந்தப் பூச்சிகளைப் பற்றிய கதைகளைத் தனித்தனி மூடநம்பிக்கைகளாக ஒதுக்கிவிடுவது எளிது. 1849இல் அச்சான தம் வரலாற்றில், தமிழும் அரபும் கலந்த குடும்பத்தில் பிறந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா பேய் நம்பிக்கைகளை அப்படித்தான் கடிந்தார். ஆனால் இந்த நம்பிக்கைகளைப் பூச்சிகளின் உண்மை வாழ்வோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று தெளிகிறது: கண்டது பெரும்பாலும் சரி, காரணம் சொன்னதில்தான் பிழை.

பெலெசிட்டையே எடுத்துக்கொள்ளலாம். சுவர்க்கோழி தன் முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்புகிறது. ஒரே உயர்ந்த சுருதியில் நீடிக்கும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனிதக் காதால் எளிதில் கணிக்க முடியாது. அருகில் போனால் பூச்சி நின்றுவிடும், விலகினால் மறுபடி தொடங்கும். நோயாளி படுத்திருக்கும் இருண்ட அறையில் அந்த ஒலி அவர் உடலுக்குள்ளிருந்தே வருவதாகத் தோன்றியதில் வியப்பில்லை. குளிரும் நடுக்கமும் பிதற்றலும் அந்தச் சதுப்பு நாட்டில் அன்றாடம் கண்டவை. அவற்றைக் கொண்டு வந்தது ஒரு பூச்சி என்ற முடிவுகூடச் சரியானதே. பூச்சிதான் வேறு.

ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஸ்கீட்டின் நூல் வெளிவந்த மறு ஆண்டே, கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்நகரின் சதுப்புகளை வடியவைத்துக் காய்ச்சலைக் குறைக்கத் தொடங்கினார். பின்னர் சிலாங்கூர்த் தோட்டங்களில் அவர் கண்டது இன்னும் நுட்பமானது. கடலோரச் சமவெளியில் அனோபிலிஸ் உம்புரோசஸ் என்ற கொசு நிழல் படர்ந்த காட்டுச் சதுப்பில் முட்டையிட்டது. காட்டை அழித்து நீரை வடித்தால் அது ஒழிந்தது. மலையடிவாரத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது காய்ச்சல் கூடியது. வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் அங்கே காத்திருந்தது. அந்த ஓடைகளின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறை பிறகு வந்தது. இந்த வேறுபாடு புரிவதற்கு முன் புதுக்காடு திறந்த தோட்டங்களில் கூலிகளாக வந்த தமிழர்கள் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். வாயில் நுழைந்து பிதற்ற வைக்கும் வெட்டுக்கிளியை அஞ்சியவர்களுக்கும், காற்றிலுள்ள நச்சாவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பிய ஐரோப்பிய மருத்துவத்துக்கும் நடுவில் உண்மைக்கு நெருங்கி நின்றவர் யார் என்பது யோசிக்கத்தக்கது. அதே சமயம், பெலெசிட் வளர்க்கிறாள் என்று ஊர் கைநீட்டிய பெண்கள் சுமந்த பழியையும் மறக்கக் கூடாது. கொசு வழியாக நோய் பரவுகிறது என்ற அறிவு அந்தப் பழிக்கு இருந்த பிடிமானத்தையும் அறுத்தது.

மலாய் மரபின் இன்னொரு அதிசயப் பூச்சி வரலாற்று நூல்களில் வருகிறது. வேட்டைக்குப் போன மேரா சீலு என்பவர் பூனை அளவு பெரிய எறும்பு ஒன்றைக் கண்டு பிடித்துத் தின்றார். அந்த இடத்தில் ஊர் அமைத்துச் சமுத்ரா என்று பெயர் வைத்தார் என்று செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. சுமத்ராவின் வடமுனையில் பசாய் அரசு தோன்றிய கதை இது. பெரிய எறும்பு இந்தியாவுக்கும் புதிதன்று. நரியை விடப் பெரிய எறும்புகள் இந்தியப் பாலையில் பொன்மணலைத் தோண்டுவதாகக் கிரேக்கரான எரோடோட்டஸ் எழுதினார். மகாபாரதத்தின் சபா பருவத்திலும் எறும்புகள் தோண்டிய பொன் கப்பமாக வருகிறது. அது எறும்பே அல்ல, இமயத்தை அடுத்த தியோசாய் மேட்டுநிலத்தில் வளை தோண்டும் மர்மோட் என்ற கொறிவிலங்கு என்று மிஷேல் பெய்சல் 1996இல் வாதிட்டார்.

பூனை அளவு எறும்பு இருக்க முடியாது. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடலெங்கும் ஓடும் மூச்சுக்குழல்கள் வழியே காற்று நேராகத் திசுக்களை அடைகிறது. உடல் பருக்கப் பருக்க அந்தக் குழல்களுக்கு வேண்டிய இடம் பெருகும், வெளிக்கூட்டின் எடையும் தாங்காது. காற்றில் ஆக்சிஜன் மிகுந்திருந்த கார்பன் யுகத்தில் தும்பியின் உறவான மெகனூராவின் சிறகுகள் விரித்தால் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் இருந்தன. இன்று நீளத்தில் முன்னிற்கும் பூச்சிகளில் ஒன்று மலேசியாவிலேயே இருக்கிறது. சபா மாநிலத்தில் கண்டெடுத்து 2008இல் பெயரிடப்பட்ட குச்சிப்பூச்சி, நீட்டிய கால்களோடு சேர்த்து 56.7 சென்டிமீட்டர் நீளம். ஆனால் அதன் உடல் பென்சில் தடிமன்தான்.

கப்பலேறி வந்த தமிழர் கொண்டுவந்த பூச்சிகள் பேய்கள் அல்ல. பெரும்பாலும் பக்தியோடும் ஞானத்தோடும் ஒட்டியவை. அவற்றுள் புகழ்பெற்றது குளவி. குளவி ஒரு பச்சைப்புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைக்கும், அதைக் கொட்டிக் கொட்டி ஒலி எழுப்பும், புழு நாளடைவில் தன் உருவை விட்டுக் குளவியாகவே வெளிவரும் என்பது நம்பிக்கை. குருவின் தொடுகையால் சீடன் குருவாகவே ஆவதற்குச் சைவமும் வேதாந்தமும் இந்தக் குளவியை உவமையாக எடுத்தன. சீனரும் இதையே நம்பினர். குளவி புழுவைத் தத்தெடுத்து, 'என்னைப் போல் ஆகு' என்று சொல்லிச் சொல்லி வளர்ப்பதாக அவர்களுடைய பழைய உரைகள் கூறும். ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்த தாவோ ஹோங்ஜிங் என்ற மருத்துவர், குளவிக்கூடுகளை உற்றுப் பார்த்து, குளவி தன் முட்டையை அங்கே இடுகிறது, புழு வெறும் உணவு என்று எழுதினார். பிரான்சில் ழான் ஹென்றி ஃபாபர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்குளவிகளின் வேலையை விரிவாக விளக்கினார். குளவியின் கொடுக்கு புழுவைக் கொல்வதில்லை. அசைவை மட்டும் அடக்கி, முட்டை பொரியும் வரை இறைச்சி கெடாமல் உயிரோடு வைத்திருக்கிறது. ஓர் உடலைப் பல நாள் அழுகாமல் காக்கும் இந்தத் திறன், உருமாற்றக் கதையை விட எந்த வகையிலும் குறைந்த அற்புதம் அன்று. லயத்துச் சுவரிலும் ஆயக்கொட்டகை விட்டத்திலும் குளவி கட்டும் மண்கூட்டை உடைத்துப் பார்த்த எவருக்கும் உள்ளே அசையாத புழுக்கள் தெரிந்திருக்கும்.

தேள் குஞ்சுகள் தாயின் முதுகைப் பிளந்து அதைத் தின்று பிறக்கும் என்பதும் பழைய நம்பிக்கை. தேள் முட்டையிடாமல் குட்டி போடுகிறது. வெண்ணிறக் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறி, முதல் தோலை உரிக்கும் வரை அங்கேயே இருக்கின்றன. குஞ்சுகள் மொய்த்த முதுகைக் கண்டவர் தாய் தின்னப்படுவதாக எண்ணியிருக்கலாம். தேளிடம் யாரும் கற்பனை செய்யாத ஒரு திறன் உண்டு. புற ஊதா விளக்கைக் காட்டினால், இந்நாட்டுக் காட்டுக் கருந்தேளின் உடல் முழுதும் நீலப்பச்சையாக ஒளிரும்.

சிலந்தியின் கதை கோயிலில் இருக்கிறது. திருவானைக்காவில் சருகு விழாமல் சிவலிங்கத்தின் மேல் சிலந்தி ஒன்று வலை பின்னியது. அங்கே வழிபட வந்த யானை அதை அழுக்கென்று கலைத்தது. சிலந்தி மறுபடி பின்ன, யானை மறுபடி கலைத்தது. கடைசியில் துதிக்கைக்குள் புகுந்து கடித்த சிலந்தியும் யானையும் மடிந்தன. சிலந்தி கோச்செங்கட் சோழராகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியதாகப் பெரியபுராணம் பாடுகிறது. வலை கலைந்தால் மறுநாளே புதிதாகப் பின்னுவது சிலந்தியின் உண்மையான இயல்பு. வட்டவலை பின்னும் பல இனங்கள் பழைய வலையைத் தாமே தின்று, அந்தப் புரதத்தைப் புதிய இழையாக்குகின்றன. அந்த இழை, எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், எஃகை விட வலிமையானது.

தைப்பூசத்துக்குச் சிலாங்கூர்த் தோட்டமெல்லாம் திரளும் பத்துமலையில் இன்னொரு சிலந்தி இருக்கிறது. லிஃபிஸ்டியஸ் பாட்டுவென்சிஸ் என்று 1923இல் பெயர் பெற்ற இது அங்குள்ள குகைகளில் வாழ்கிறது. மற்றச் சிலந்திகளின் வயிறு ஒரே உருண்டையாக இருக்க, இதன் வயிற்றில் பட்டை பட்டையாகத் தகடுகள் இருக்கின்றன. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய சிலந்திகளின் அமைப்பு அது. மூடியிட்ட வளையின் வாயிலிலிருந்து நாற்புறமும் நூல்களை நீட்டி வைத்துவிட்டு உள்ளே காத்திருக்கும். நூலில் கால் பட்ட இரையை அதிர்விலேயே அறிந்து பாயும். அந்த மலையில் படியேறும் லட்சக்கணக்கானவர்களில் இந்தச் சிலந்தியை அறிந்தவர் வெகு சிலரே. அதன் வாழிடம் காக்கப்பட வேண்டுமானால் அந்த நிலை மாற வேண்டும்.

மின்மினிக்குக் கதைகள் அதிகம். தூக்கணாங்குருவி மின்மினியைப் பிடித்துவந்து களிமண்ணில் பதித்துக் கூட்டுக்குள் விளக்காக வைக்கும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் சொல்வார்கள். கூட்டுக்குள் களிமண் அப்பியிருப்பது மெய்தான். ஆண்குருவிதான் அதை அப்புகிறது. விளக்குதான் கற்பனை. பஞ்சதந்திரத்துக் குரங்குகள் மின்மினியை நெருப்பென்று எண்ணிக் குளிர்காயப் பார்த்தன. மலாய்க்காரரிடையே, இறந்தவர்களின் விரல் நகங்களே கெலிப்-கெலிப் என்னும் மின்மினிகள் ஆகின்றன என்ற நம்பிக்கை இருந்தது. ஆற்றோரத்து இருளில் மொய்க்கும் ஒளியைக் கண்டு குழந்தைகள் அஞ்சினர்.

கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றின் இரு கரைகளிலும் இருக்கும் மின்மினி தெரோப்டிக்ஸ் தெனர் என்ற இனம். பெரெம்பாங் என்னும் சதுப்புநில மரத்தின் இலைகளில் அந்திக்குப் பின் கூட்டமாக அமர்ந்து, ஆயிரக்கணக்கானவை ஒரே தாளத்தில் மின்னி அணைகின்றன. ஆணின் அடிவயிற்றில் ஒளிரும் பட்டைகள் இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. லூசிஃபெரின் என்ற பொருள் லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது பிறக்கும் ஒளி அது. அதில் வெப்பம் மிகக் குறைவு. குரங்குகள் குளிர்காய முடியாததற்கு அறிவியல் காரணம் அதுவே.

இந்த ஒத்த மின்னலை மேற்கு அறிவியல் நெடுநாள் நம்பவில்லை. பூச்சி வரலாற்றிலேயே இது தனித்த திருப்பம்: உள்ள திறனைக் கற்பனை என்றார்கள். ஜெர்மானியரான எங்கல்பர்ட் கெம்ஃபர் 1690இல் சயாமின் ஆற்றில் பயணம் செய்தபோது, மரம் முழுக்க ஒரே கணத்தில் மின்னுவதைக் கண்டார். அவர் குறிப்பு 1727இல் அச்சானது. அதன்பின் பயணிகள் பலர் அதையே எழுதினர். 1917இல் பிலிப் லாரன்ட் என்பவர் புகழ்பெற்ற அமெரிக்க அறிவியல் இதழொன்றில், பூச்சிகள் ஒன்றாக மின்னுவது இயற்கை விதிக்கு முரண், அது பார்ப்பவரின் இமை சிமிட்டலால் எழும் தோற்றம் என்று எழுதினார். சயாமில் பணியாற்றிய ஹியூ ஸ்மித் 1935இல் நேரில் கண்டதை விவரித்து மறுத்தார். ஐயம் முழுதும் அகன்றது 1960களில். ஜான் பக்கும் அவர் மனைவி எலிசபெத்தும் தாய்லாந்துக்குப் போய், ஆற்றில் பிடித்த மின்மினிகளை பாங்காக் விடுதி அறையில் இருட்டில் விட்டார்கள். தொடக்கத்தில் தனித்தனியே மின்னியவை, சற்று நேரத்தில் இரண்டிரண்டாக, பிறகு மூன்று நான்காக ஒத்துச் சேர்ந்தன.

ஒத்துச் சேர்வதற்குத் தலைவன் தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய செய்தி. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு தாளக்கருவி ஓடுகிறது. அண்டையில் ஒளி தெரிந்தால் அது தன் அடுத்த மின்னலைச் சற்று முன்னே இழுக்கிறது அல்லது பின்னே தள்ளுகிறது. இந்தச் சிறு திருத்தம் மரம் முழுக்கப் பரவினால் ஒருமை தானே பிறக்கும். 1990இல் மிரோல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள், தக்க நிபந்தனைகளில் இத்தகைய துடிப்பிகள் எப்படித் தொடங்கினாலும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகிவிடும் என்று நிறுவினர். இதயத்தைத் துடிக்க வைக்கும் செல்களுக்கும் பொருந்தும் கணக்கு இது. கம்பியில்லா உணரிகளின் வலையமைப்பில் கடிகாரங்களை ஒத்திசைக்கவும் இது பயன்படுகிறது.

கம்போங் குவாந்தானின் ஒளி அந்த ஆற்றோரத்தை முழுதாகச் சார்ந்தது. மின்மினியின் புழு மரத்தில் இல்லை, கரையை ஒட்டிய ஈர மண்ணில், நிப்பா, ரும்பியா மரங்களின் அடியில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் விட்டுவைத்து அதன் பின்னுள்ள நிலத்தைச் செம்பனைக்காக வெட்டினால், ஒளி சில காலத்தில் தானே அணைந்துபோகும். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அளவு மாறினால் பெரெம்பாங்கும் தாங்காது. அதனால்தான் மேல்நிலத்தில் சிலாங்கூர் ஆற்று அணை கட்டப்பட்டபோது இயற்கை ஆர்வலர்கள் கவலை கொண்டனர். கரைப்பகுதியைக் காப்புநிலமாக அறிவித்தது நல்ல செயல். ஆனால் பின்னிலத்தையும் சேர்த்துக் காக்காத காப்பு அரைக் காப்பே.

செம்பனைக்கும் ஒரு பூச்சி உண்டு. அதன் திறன் நம்பப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை; தோட்டத்தில் யாரும் நினைத்தே பார்க்கவில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. அதைத் தொடங்கியவர், பின்னாளில் மலாயாவைப் பற்றிய நாவலுக்குக் கோன்கூர் பரிசு பெற்ற ஆன்றி ஃபோகோனியே. அந்த மரம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதற்குத் துணையான பூச்சி வரவில்லை. காற்றே மகரந்தத்தைச் சேர்க்கிறது என்று தோட்டத்துரைகள் எண்ணினர். காய்ப்புக் குறைந்த இடங்களில் ஆட்கள் மரம் மரமாக நடந்து, பெண்பூவின் மேல் மகரந்தத் தூளைத் தூவினார்கள். தோட்டங்களில் அது நாள் கூலிக்குச் செய்யும் வேலை.

கேமரூனில் செம்பனை மேலாளராக இருந்த லெஸ்லி டேவிட்சன், அங்கே மரங்கள் ஆள்துணை இல்லாமலே குலை நிறையக் காய்ப்பதையும், பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் கவனித்திருந்தார். பின்னர் பூச்சியியலாளர் சையது 1970களின் பிற்பகுதியில் அதை ஆராய்ந்து, மகரந்தம் சேர்ப்பது காற்று அன்று, எலைடோபியஸ் கேமரூனிக்கஸ் என்ற கூர்மூக்கு வண்டு என்று நிறுவினார். 1981இல் அது மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. பரவிய வேகத்தில் கைமகரந்தச் சேர்க்கை தேவையற்றுப் போனது. அந்தக் கூலியும் போனது. வண்டின் வழிமுறை எளிது. ஆண்பூ சோம்பு போன்ற மணம் வீசுகிறது. வண்டு அங்கே உண்டு, முட்டையிட்டு, மகரந்தத்தை மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. பெண்பூவும் அதே மணத்தை வீசி வண்டை அழைக்கிறது, ஆனால் அங்கே அதற்கு உணவுமில்லை, முட்டையிட இடமுமில்லை. ஏமாந்து வந்த வண்டு மகரந்தத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறது.

அண்மைக் காலத்தில் நிறையப் பெண்பூ விடும் உயர்விளைச்சல் மரங்களை நட்ட இளந்தோட்டங்களில், சதுப்புக் கரிமண் நிலத்தில் குறிப்பாக, காய்ப்புக் குறைவது தெரியவந்தது. ஆண்பூ குறைந்தால் வண்டின் புழு வளர இடமில்லை, வண்டு குறைந்தால் குலையில் காய் பிடிப்பதில்லை. வாடிய ஆண்பூக்களைப் பெட்டியில் வைத்து வண்டுகளைப் பொரிக்கவிட்டு, வெளியேறும்போது அவற்றின் மேல் மகரந்தம் படியச் செய்து அனுப்பும் முறையும், சில இடங்களில் மறுபடி கையால் தூவும் வேலையும் வந்திருக்கின்றன.